பின் சக்கரம் ஆடுகிறது, நட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது: வெஸ்பா பி 150 எக்ஸ்

கிளட்ச்கயிறு | சனி இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1980-ம் ஆண்டு வெஸ்பா பி 150 எக்ஸ். ஒன்றரை வருடமாகப் பிரித்துப் போட்டு வைத்திருந்ததை போன மாதம்தான் கட்டி முடித்தேன். எஞ்சினைப் பிளந்து எல்லா பேரிங்கும் ஆயில் சீலும் புதிது போட்டேன். கிளட்ச் பிளேட், கியர் மாற்றும் சிலுவை, பிரேக் ஷூ எல்லாம் புதிது. எஞ்சின் கேஸும் பின் டிரம்மும் (சக்கரம் மாட்டும் பிரேக் உருளை) பழசு.

இப்போது 120 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேற்று சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்பக்கம் ஒருவரை உட்காரவைத்து, பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடுகிறது. டயர் ஓரத்தில் சுமார் 2 மில்லிமீட்டர், கையில் 'டக் டக்' என்று தெரிகிறது. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் பின்னாலிருந்து ஒரு சின்னத் தட்டல். பிரேக் பிளேட்டின் அடியில் லேசாக எண்ணெய் ஈரம்.

டிரம் நட்டைப் பார்த்துவிட்டேன், 100 நியூட்டன் மீட்டரில் 'கிளிக்' அடிக்கிறது. காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) இடத்தில் இருக்கிறது. புது பேரிங்கே போய்விட்டதா? மறுபடி எஞ்சினைப் பிளக்கச் சொல்லாதீர்கள், வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

---

மூன்றாம்கியர் | சனி இரவு 11.05

பிளக்கத்தான் வேண்டும் நண்பரே. எண்ணெய் ஈரம் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது, பேரிங் போய்விட்டது. போடும்போது வெளி வளையத்தைத் தட்டாமல் உள் வளையத்தைத் தட்டி இறக்கியிருப்பீர்கள். குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்திருக்கும். எனக்கு இதே நடந்தது.

---

பழைய_இரும்பு | ஞாயிறு காலை 6.15

தம்பி, அவசரப்படாதீர்கள். இந்த வண்டியில் பின் சக்கரம் ஆடுகிறது என்று சொன்னால் அது நாலைந்து வேறு வேறு ஆட்டமாக இருக்கலாம். எது எதோடு சேர்ந்து ஆடுகிறது என்று பார்க்காமல் பேரிங் மேல் பழி போடுவது, காய்ச்சல் என்றதும் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரி.

எஞ்சின், கியர் பெட்டி, பின் சக்கரம் எல்லாம் ஒரே கட்டி. முன்னால் ஒரு நீள போல்ட்டில், இரண்டு பக்கமும் ரப்பர் சைலன்ட் பிளாக் வைத்துத் தொங்குகிறது. பின்னால் ஷாக் அப்சார்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரப்பர் செத்திருந்தால் சக்கரத்தை ஆட்டும்போது எஞ்சினே சேர்ந்து ஆடும். கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பாதி பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதலில் இதைச் செய்யுங்கள். ஒருவர் பின் பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்கட்டும், நீங்கள் மறுபடி மேல் கீழாக ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் ஷூ டிரம்மைக் கேஸோடு சேர்த்துக் கட்டிவிடும். அப்போதும் அதே ஆட்டம் இருந்தால் குற்றம் டிரம்முக்கு அந்தப் பக்கம்: சைலன்ட் பிளாக், ஷாக் அப்சார்பரின் கீழ் புஷ், நீள போல்ட். ஆட்டம் போய்விட்டால் இந்தப் பக்கம்: பேரிங், டிரம், ரிம்.

---

சும்மாவாசிப்பவன் | ஞாயிறு காலை 8.50

பவுடர் கோட்டிங் செய்தீர்களா? ரிம்மும் டிரம்மும் சேரும் முகத்தில் கோட்டிங் இருந்தால் அது நசுங்க நசுங்க ஐந்து நட்டும் தளரும். நான் அதில் மாட்டியிருக்கிறேன்.

---

கிளட்ச்கயிறு | ஞாயிறு மதியம் 1.20

பழைய இரும்பு ஐயா, செய்தேன். பிரேக் பிடித்தால் ஆட்டம் கிட்டத்தட்ட இல்லை. 'டக்' சத்தமே போய்விட்டது. லேசாக ரப்பர் தனமான ஒரு அசைவு மட்டும் மிச்சம்.

சும்மாவாசிப்பவன், கோட்டிங் உண்டு, ரிம் முழுக்க. நீங்கள் சொன்னதும் சக்கர நட்டுகளைப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு கால் சுற்றுக்கு மேல் திரும்பின! சக்கரத்தைக் கழற்றி, சேரும் முகத்தில் கோட்டிங்கைச் சுரண்டி எடுத்து, மறுபடி மாட்டி இறுக்கினேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் 'டக்' அப்படியே இருக்கிறது.

---

பழைய_இரும்பு | ஞாயிறு மதியம் 1.45

சக்கரத்தைக் கழற்றியது என்று சொன்னதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், படிக்கிற புதியவர்களுக்காக. இந்த ரிம் இரண்டு பாதி. டிரம்மோடு சேர்க்கும் நட்டு ஐந்து, இரண்டு பாதியையும் சேர்க்கும் நட்டு ஐந்து. டியூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது கூட்டத்தில் கை வைத்தால் ரிம் வெடித்துப் பிரியும். கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரிம் ஒரு பகுதிதான், மிச்சம் உள்ளே இருக்கிறது.

---

அரைச்சுற்று | ஞாயிறு மாலை 4.30

அளக்கிற வேலை என்றால் நானும் வருகிறேன். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், மூன்றாம்கியர் சொல்வது பொருந்துகிறதா என்று.

3.50-10 டயரின் வெளி ஆரம் சுமாராக 215 மில்லிமீட்டர். அதன் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அசைகிறது என்றால் சாய்வு கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. பின் அச்சை இரண்டு இடத்தில் தாங்குகிறார்கள்: டிரம் பக்கம் குண்டு பேரிங், மறு கோடியில் நீடில் பேரிங். இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அச்சே சாய்ந்து இந்த 2 மில்லிமீட்டர் வர வேண்டுமானால் இரண்டு பேரிங்கிலும் சேர்த்து 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 120 கிலோமீட்டர் ஓடிய புது பேரிங் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் சக்கரத்தைக் கையால் சுற்றும்போதே கரகரவென்று கத்தும். கத்துகிறதா?

இன்னொரு வழியையும் பாருங்கள். டிரம்மின் நடு ஓட்டை அச்சின் பல்வரிசையை, அதாவது ஸ்பிளைனை, சுமார் 3 சென்டிமீட்டர் நீளத்துக்குத்தான் பிடித்திருக்கிறது. அந்த 3 சென்டிமீட்டரில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே அதே நூற்றில் ஒரு பங்கு சாய்வு வந்துவிடும். அதாவது அச்சு அசையாமல் நிற்க, டிரம் மட்டும் அச்சின் மேல் ஆடுவதற்கு மூன்றில் ஒரு பங்கு தேய்மானமே போதும். என் சந்தேகம் அங்கேதான்.

---

மூன்றாம்கியர் | ஞாயிறு மாலை 5.10

நட்டு 100-ல் இறுகியிருக்கிறது என்கிறார். ஸ்பிளைன் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் நட்டு அமுக்கினால் டிரம் எப்படி ஆடும்? காகிதக் கணக்கு வேறு, வண்டி வேறு.

---

பழைய_இரும்பு | ஞாயிறு இரவு 7.00

நல்ல கேள்வி. நட்டு அமுக்கினால் ஆடாது. நட்டு டிரம்மை அமுக்குகிறதா என்பதுதான் கேள்வி. டார்க் ரெஞ்சுக்குக் கண் கிடையாது, எதையாவது அமுக்கினால் 'கிளிக்' அடித்துவிடும்.

அங்கே என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். டிரம்மின் நடுக் கழுத்து ஆயில் சீலுக்குள் நுழைந்து, பேரிங்கின் உள் வளையத்தில் முட்டும். உள் வளையத்தின் மறுபக்கத்தில் அச்சின் தோள் முட்டும். வெளியே வாஷர், நட்டு. நட்டை இறுக்கினால் வாஷர், டிரம், பேரிங் உள் வளையம், அச்சின் தோள் நான்கும் ஒரே கட்டியாக நசுங்கி நிற்க வேண்டும். இந்த வரிசையில் எந்த இடத்திலாவது விசை டிரம்மைத் தாண்டிப் போய்விட்டால், நட்டு இறுக்கம், டிரம் தொளதொளப்பு. எண்ணெய் ஈரத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். டிரம் கழுத்து சீலுக்குள் ஆடினால் சீலின் உதடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் கசியும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு தம்பி. காட்டர் பின்னையும் நட்டு மேல் கவிழ்ந்திருக்கும் பல்தொப்பியையும் எடுங்கள். சன்ன மார்க்கரால் அச்சு நுனியிலிருந்து நட்டு, வாஷர் வழியாக டிரம் வரை ஒரே கோடு போடுங்கள். எஞ்சின் அணைந்திருக்க, முதல் கியரில் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் தட்டுங்கள். கியரில் இருக்கும்போது சுழற்சியில் ஓரளவு தளர்ச்சி இருக்கத்தான் செய்யும். கியர்ப் பற்களுக்கு நடுவிலும் சிலுவையிலும் இடைவெளி வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கோடு உடைகிறதா என்று மட்டும் பாருங்கள். உடைந்தால் எந்த இரண்டுக்கும் நடுவில் என்பதையும் கவனியுங்கள்.

---

அரைச்சுற்று | ஞாயிறு இரவு 7.20

அத்தோடு இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு கம்பியைக் கேஸில் டேப் ஒட்டி, அதன் முனை அச்சு நுனியைத் தொடாமல் ஒரு தலைமுடி இடைவெளியில் நிற்கும்படி வளையுங்கள். சக்கரத்தை மேல் கீழாக ஆட்டும்போது அந்த இடைவெளி மாறினால் அச்சு அசைகிறது, பேரிங் வேலை. மாறாவிட்டால் அச்சுக்கு ஒன்றுமில்லை. டயல் கேஜ் இருந்தால் அழகு, இல்லாவிட்டால் கம்பியே போதும்.

---

கிளட்ச்கயிறு | திங்கள் இரவு 9.55

ஐயா, அரைச்சுற்று, இரண்டு பேருக்கும் கும்பிடு.

கம்பி அசையவில்லை. அச்சு நுனி கல்லு மாதிரி நிற்கிறது. கையால் சுற்றினால் பேரிங் சத்தமில்லை, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

கோடு உடைகிறது. அச்சு, நட்டு, வாஷர் மூன்றிலும் கோடு நேராக இருக்கிறது. வாஷருக்கும் டிரம்முக்கும் நடுவில் உடைகிறது. சக்கரத்தை முன்னால் தட்டினால் டிரம்மின் கோடு ஒரு பக்கம் போகிறது, பின்னால் தட்டினால் மறுபக்கம். வாஷர் விளிம்பில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் சன்னத் தகடுகள்) நுழைத்துப் பார்த்தேன். 0.25 தகடு உள்ளே போகிறது, 0.30 முட்டுகிறது. நட்டு இறுகியிருக்கும்போதே! இது எப்படி?

---

அரைச்சுற்று | திங்கள் இரவு 10.10

வாஷர் வேறு எதிலோ உட்கார்ந்திருக்கிறது. கழற்றி, வாஷரின் உள்பக்கத்தைப் பாருங்கள். துடைக்காமல் பாருங்கள்.

---

பழைய_இரும்பு | திங்கள் இரவு 10.15

கழற்றும்போது சக்கரம் தரையில் இருக்கட்டும், கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள். 24 சாக்கெட். சாதாரண வலப் புரிதான்.

---

கிளட்ச்கயிறு | செவ்வாய் இரவு 8.30

கழற்றிவிட்டேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

வாஷரின் உள்பக்கத்தில், ஓட்டையைச் சுற்றி, சின்னப் பல்சக்கரத்தை மையில் தோய்த்து முத்திரை குத்தின மாதிரி பளபளவென்று ஒரு தடம். ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. அதற்கு வெளியே, டிரம் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, போட்ட அன்று இருந்த கறுப்பு நிறம் அப்படியே இருக்கிறது. அதாவது வாஷர் அமுக்கிக்கொண்டிருந்தது அச்சின் ஸ்பிளைன் நுனியை. டிரம்மைத் தொடவே இல்லை.

டிரம்மை இழுத்தேன், புல்லர் கூட வேண்டாம், கையோடு வந்துவிட்டது. உள்ளே ஸ்பிளைன் முழுக்கச் செம்பழுப்புப் பொடி, எண்ணெயோடு குழைந்து சேறு மாதிரி. துடைத்துப் பார்த்தால் டிரம்மின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து தேய்ந்திருக்கின்றன. அச்சின் பற்களில் லேசான அடி தெரிகிறது, ஆனால் விளிம்பு கூராகத்தான் இருக்கிறது. நகத்தால் தடவினால் படி எதுவும் தட்டுப்படவில்லை.

இப்போது ஒரு வாக்குமூலம். முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், இது சம்பந்தம் என்றே தோன்றவில்லை. டிரம் உள்சுவர் ஷூ ஓடி வரி விழுந்திருந்ததால் லேத்தில் கொடுத்துக் கடைந்தேன். அப்போது வாஷர் உட்காரும் முகத்திலும் வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தது. 'அதையும் ஒரு சுற்று சமமாக்கிக் கொடுங்கள்' என்று நான்தான் சொன்னேன். பார்க்க அழகாக வந்தது. கண்ணாடி மாதிரி.

---

பழைய_இரும்பு | செவ்வாய் இரவு 8.50

அந்தக் கண்ணாடிதான் தம்பி.

டிரம் முகம் ஸ்பிளைன் நுனியைவிடக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். அப்போதுதான் வாஷர் டிரம்மில் உட்காரும். நீங்கள் ஒரு சுற்று கடைந்ததில் முகம் உள்ளே போய், ஸ்பிளைன் வெளியே துருத்திக்கொண்டது. அதன் பிறகு 100 இல்லை, 200-ல் இறுக்கினாலும் நட்டு அச்சைத்தான் கட்டிப்பிடிக்கும்.

---

மூன்றாம்கியர் | செவ்வாய் இரவு 9.05

சரி, பேரிங் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்வு சுலபமாயிற்றே. கொஞ்சம் தடிமனான வாஷர் எடுத்து, உள்பக்கம் ஸ்பிளைன் நுழையும் அளவுக்குக் குடைந்து போட்டால் வாஷர் டிரம்மில் உட்கார்ந்துவிடும். புது டிரம் எதற்கு?

---

அரைச்சுற்று | செவ்வாய் இரவு 9.25

இறுக்கம் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. டிரம் பற்கள் நன்றாக இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பற்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் தேய்ந்துவிட்டன. அந்தச் செம்பழுப்புப் பொடி வேறொன்றுமில்லை, இரும்பு இரும்போடு உரசி உதிர்ந்து துருப்பிடித்தது. இனிமேல் சுழற்சி விசை முழுவதையும் நட்டின் அமுக்கமே தாங்க வேண்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் வேகம் எடுக்கும்போதும் விசை திசை மாறி மாறி அடிக்கும். அமுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் மிச்சப் பல்லும் போகும். பல் முழுதாகப் போனால் கியர் அச்சைச் சுழற்றும், சக்கரம் சும்மா நிற்கும். பின் பிரேக் டிரம்மில்தான் பிடிக்கிறது என்பதால் பிரேக் இருக்கும், அது ஒன்றுதான் ஆறுதல்.

---

பழைய_இரும்பு | செவ்வாய் இரவு 9.40

அதோடு தேய்ந்த டிரம் அச்சின் பல்லையும் தின்னும். டிரம் மாற்றுவது அரை மணி நேர வேலை. அச்சு மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினைப் பிளக்க வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

புது டிரம் வந்ததும் நட்டைத் தொடும் முன்னால் மூன்று விஷயம். ஒன்று, டிரம்மை அச்சில் கையால் முழுவதும் தள்ளிவிட்டு, வெர்னியரின் ஆழம் அளக்கும் கம்பியால் டிரம் முகத்திலிருந்து ஸ்பிளைன் நுனி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கவும். நுனி உள்ளே இருக்க வேண்டும், துருத்தக் கூடாது. அடுத்து, டிரம் கழுத்தின் விட்டம் பழையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறு தொடர் வண்டியின் டிரம் ஸ்பிளைனில் நுழைந்தாலும் கழுத்து மெலிந்திருந்தால் சீல் பிடிக்காது. கடைசியாக, இவ்வளவு நாள் ஆடியதில் சீலின் உதடு போயிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். ஷூவில் எண்ணெய் பட்டிருந்தால் அதுவும் போச்சு.

---

சும்மாவாசிப்பவன் | புதன் காலை 7.30

காட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா? பலர் அப்படிச் செய்கிறார்கள்.

---

பழைய_இரும்பு | புதன் காலை 7.45

கூடவே கூடாது. இந்த வண்டியில் பல்தொப்பி தனியாக இருப்பதே அதற்குத்தான். தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு நிலையில் ஓட்டை தெரியும். அப்படியும் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். 90 முதல் 110 வரை இடம் இருக்கிறது.

---

கிளட்ச்கயிறு | அடுத்த திங்கள் இரவு 10.20

புது டிரம் வந்து மாட்டியாயிற்று. ஸ்பிளைன் நுனி டிரம் முகத்திலிருந்து 0.8 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. பழைய டிரம்மை அதே இடத்தில் வைத்து அளந்தால் நுனி 0.3 வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக மொத்தம் 1.1 மில்லிமீட்டரைக் கடைந்து எடுத்திருக்கிறேன். ஃபீலர் தகடு உள்ளே போனதும் இதே 0.3-க்குள்தான்.

சீல் புதிது. ஷூவில் ஒன்றின் ஓரத்தில் எண்ணெய் ஏறியிருந்தது, ஒரு மாதம் கூட ஆகவில்லை, மனசு கேட்கவில்லை, இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டேன். கியர் ஆயில் 250 மில்லி புதிதாக ஊற்றினேன். நட்டு 105-ல் இறுகியது, மூன்றாவது தடவை தொப்பியைத் திருப்பியதில் காட்டர் பின் ஓட்டை தெரிந்தது.

மேல் கீழாக ஆட்டினால் 'டக்' இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தாலும் தட்டல் இல்லை. கோட்டை அழிக்காமல் புது டிரம்மிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

---

பழைய_இரும்பு | அடுத்த திங்கள் இரவு 10.35

நல்லது. 50 கிலோமீட்டர் ஓடியதும் பின்னைக் கழற்றி நட்டை ஒருமுறை பாருங்கள். புதிதாகச் சேர்ந்த முகங்கள் படிந்து உட்காரும், கொஞ்சம் இடம் கொடுக்கும். அன்று சொன்னீர்களே, பிரேக் பிடித்த பிறகும் ரப்பர் தனமான அசைவு என்று, அது இன்னும் இருக்கிறதா?

---

கிளட்ச்கயிறு | சனி மாலை 6.10

60 கிலோமீட்டர் ஓடியது. நட்டு பத்தில் ஒரு சுற்று கூடத் திரும்பவில்லை, ஆனால் லேசாக வாங்கியது. மறுபடி 105. கோடு உடையவில்லை. பிரேக் பிளேட் அடி காய்ந்திருக்கிறது.

ரப்பர் அசைவு இருக்கிறது ஐயா. எஞ்சின் கட்டும்போது சைலன்ட் பிளாக் பார்க்க நன்றாக இருந்ததே என்று பழசையே விட்டுவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், இடது பக்க ரப்பரில் பிறை மாதிரி ஒரு வெடிப்பு. புது இழை தொடங்கட்டுமா, இங்கேயே கேட்கட்டுமா?

---

மூன்றாம்கியர் | சனி மாலை 6.25

இங்கேயே கேளுங்கள். இந்தத் தடவை பேரிங் என்று சொல்ல மாட்டேன்.